மேசை விளையாட்டு நூல்களும் கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டிகளும்



பள்ளி விடுமுறையில் வீட்டைத் தூய்மை செய்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பெட்டிகளை வெளியே இழுத்தேன். 2011-ஆம் ஆண்டில் நான் சொந்தச் செலவில் அச்சிட்ட சிறுவர் கதைத் தொகுப்பின் எஞ்சிய படிகள் அவை. அச்சிட்டது 500. வெளியீட்டு விழாவில் நண்பர்கள் அன்புக்காக வாங்கியவை, பள்ளிகளுக்குப் பரிசு நூலாகச் சென்றவை, யார் கையிலாவது இருக்கட்டும் என்று சும்மா கொடுத்தவை எல்லாம் போக 140 படிகள் இன்னும் இருக்கின்றன. கரையான் தொடவில்லை, தாள் மட்டும் பழுத்துவிட்டது.

பெட்டியைத் தூக்க உதவிக்கு வந்த என் மகன் சிரித்தான். "அப்பா, இதே கதைதான் அமெரிக்காவுல ஒரு கம்பெனிக்கும் நடந்திருக்கு. என்ன, அவங்க கட்டில் கொஞ்சம் பெருசு" என்றான்.

அவன் குறிப்பிட்டது டி.எஸ்.ஆர். என்னும் பதிப்பகத்தை. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை உலகிற்குக் கொடுத்த நிறுவனம் அது. அன்று மாலை அவன் சொல்லத் தொடங்கிய வரலாறு என்னை விட்டபாடில்லை. தமிழில் நூல் போட்டுப் பார்த்தவர்களுக்கும், பிள்ளைகளுக்கு மின்னூல் வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் அதில் செய்தி இருப்பதாக எனக்குத் தோன்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். "கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துநர் கேட்பார். "உடைக்கிறேன்" என்பான் ஒருவன். உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். பலகையோ காயோ கட்டாயமில்லை. பேச்சுதான் ஆட்டம். எந்தச் செயலுக்கு எவ்வளவு எண் விழ வேண்டும், யாருக்கு எவ்வளவு வலிமை என்பன போன்ற விதிகள் நூலில் இருக்கும். ஆகவே இத்தொழிலில் விற்பனைக்கு இருக்கும் முதன்மைப் பொருள் நூல்தான்.

இங்கேதான் இப்பதிப்பாளர்களின் விசித்திரமான தொல்லை தொடங்குகின்றது. ஒரு மேசைக்கு ஒரு நூல் இருந்தால் ஐந்து பேர் பத்தாண்டு ஆடலாம். விதிகள் மனப்பாடமான பிறகு அந்த ஒரு நூல்கூட வேண்டியதில்லை. கதையை அவர்களே கட்டிக்கொள்வார்கள். தன் வாடிக்கையாளனைத் தன்னிடமிருந்து விடுதலை செய்துவிடும் பொருளை விற்றுக்கொண்டு எப்படிப் பிழைப்பது? புதிய பதிப்பு, துணை நூல், ஆயத்தக் கதை என்று அவர்கள் ஓயாமல் வெளியிடுவதற்குக் காரணம் இதுவே.

பகடை என்றதும் சில பெற்றோர் முகம் சுளிப்பர் என்பதை அறிவேன். மகன் முதன்முதலில் அந்தப் பகடைகளை வீட்டிற்குக் கொண்டு வந்தபோது என் தாயார், "சூதாடிக் குடும்பம் கெட்ட கதை தெரியாதா?" என்று பாரதத்தைத் தொடங்கிவிட்டார். 1980-களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் இதே விளையாட்டைப் பேய் வழிபாடு என்று அஞ்சினார்களாம். பாட்டியின் அச்சம் அதைவிட நாகரிகமானது.

நானும் விரும்பவில்லை என்பதே உண்மை. 200 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து ஓர் ஆங்கில நூலை வாங்கி வந்து, அதை நாள் முழுதும் படிக்கின்றானே என்று எரிச்சல். பிறகு 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பல்கலைக்கழகம் மூடப்பட்டு வீட்டிற்கு வந்தவன், 'ரோல்20' என்னும் தளத்தில் நண்பர்களோடு ஆடத் தொடங்கினான். மேசை திரைக்குள் போய்விட்டது. ஓரிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவன் அறையிலிருந்து குரல் கேட்டது. ஆங்கிலமும் மலாயும் கலந்து, ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட ஓர் ஊரை அவன் வருணித்துக்கொண்டிருந்தான். எதிர்முனையில் ஒரு சீனப் பையன், இரண்டு மலாய்ப் பிள்ளைகள், நம் பெண்ணொருத்தி. ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. இவன் நான்காம் ஆண்டில் கதை சொல்லும் போட்டி மேடையில் வாய் திறக்காமல் நின்று, கண் கலங்கி இறங்கி வந்தவன். அன்று அவனைப் பயிற்றுவித்த ஆசிரியனும் நான்தான். கதவுக்கு வெளியே வெறுங்கிண்ணத்தோடு வெகுநேரம் நின்றேன்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1974-ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய இவ்விளையாட்டு, விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். விலை 10 டாலர். முதல் அச்சு 1,000 படிகள். பெட்டிகளை அடுக்கியதும் ஒட்டியதும் கைவேலை. ஆயிரம் படி என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் நாட்டில் ஒரு தமிழ் எழுத்தாளர் துணிந்து அச்சிடும் எண்ணிக்கையும் அதைத் தாண்டுவது அரிதல்லவா? அவர்களது ஆயிரம் ஓராண்டுக்குள் தீர்ந்தது. வாங்க முடியாத மாணவர்கள் நகல் எடுத்து ஆடினார்கள். அந்த நகல்கள்தாம் விளையாட்டைக் கல்லூரிக்குக் கல்லூரி கொண்டு சென்றன. நகல் எடுக்கப்பட்டதால் இவ்விளையாட்டு அழியவில்லை என்பதைப் பின்னர் வந்த நிருவாகிகள் அடிக்கடி மறந்துவிட்டார்கள்.

வளர்ந்த டி.எஸ்.ஆர். 1990-களில் தன் நூல்களையும் புதினங்களையும் பெருந்தொகையில் அச்சிட்டு, ஒரு பெரிய விநியோகிப்பாளர் வழியாகப் புத்தகக் கடைகளுக்கு அனுப்பியது. புத்தகத் தொழிலின் வழக்கப்படி விற்காதவை திரும்பி வரும். வந்தன, குவியல் குவியலாக. அச்சகத்துக்குக் கொடுக்கப் பணமில்லை. அச்சிட்டால்தான் பணம் வரும். 1997-இல் 'விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' அதை விலைக்கு வாங்கியது. 1999-இல் அந்த நிறுவனத்தையே பொம்மை வணிகரான ஹாஸ்புரோ வாங்கிவிட்டது. மகன் சொன்ன பெரிய கட்டில் இதுதான்.

2000-ஆம் ஆண்டில் நடந்ததுதான் எனக்கு மிகவும் வியப்பளித்தது. மூன்றாம் பதிப்பை வெளியிட்ட புதிய உரிமையாளர், விதிகளின் அடிப்படைப் பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தம் நூல்களில் பயன்படுத்தலாம் என்று 'திறந்த விளையாட்டு உரிமம்' ஒன்றையும் வெளியிட்டார். இதை முன்னின்று செய்தவர் ரயன் டான்சி. பிறர் எழுதும் துணை நூல்கள் பெருகினால், எல்லாரும் வாங்க வேண்டிய மூல நூலை நாம் விற்போம் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. பலித்தது மட்டுமன்று, கணினி வைத்திருந்த ஒவ்வொருவரையும் அது பதிப்பாளராக்கியது. அச்சகம் தேவையில்லை, கிடங்கு தேவையில்லை, ஒரு பி.டி.எஃப். கோப்பு போதும். 2001-இல் 'ஆர்பிஜிநவ்', 2004-இல் 'டிரைவ்துரூஆர்பிஜி' என்னும் இணையக் கடைகள் தோன்றி, பிற்பாடு ஒன்றாயின. குப்பையும் ஏராளமாக வந்தது. அச்சில் வந்தவற்றிலும் நிறையக் குப்பைதான், கடைக்காரர்கள் பலர் அடிபட்டார்கள். ஆயினும் மின்னூலை நம்பி வாங்கும் பழக்கம் இத்துறை வாசகர்களிடம் மிக முன்னதாகவே வேரூன்றிவிட்டது.

அடுத்த அடி 2009 ஏப்ரலில். தன் நூல்கள் திருட்டுத்தனமாகப் பகிரப்படுகின்றன என்று கூறி, விசர்ட்ஸ் நிறுவனம் தன் பி.டி.எஃப்.கள் அனைத்தையும் விற்பனையிலிருந்து ஒரே நாளில் விலக்கியது. எட்டுப் பேர்மீது வழக்கும் தொடுத்தது. மீண்டும் விற்கத் தொடங்கியது 2013 சனவரியில். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பணம் கொடுத்து வாங்க நினைத்தவனுக்கு வழியில்லை. திருடுபவனுக்கு மட்டும் வழி திறந்தே இருந்தது. அதே 2009 ஆகஸ்டில் 'பைசோ' என்னும் சிறிய நிறுவனம், திறந்த உரிமத்தைப் பயன்படுத்தி 'பாத்ஃபைண்டர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. 576 பக்கம். அச்சு நூல் 49.99 டாலர், பி.டி.எஃப். 9.99 டாலர். கோப்பை மலிவாகக் கொடுத்தால் தடித்த நூலை யார் வாங்குவார் என்று நாம் கேட்போம். வாங்கினார்கள். ஓரிரு ஆண்டுகளில் கடை விற்பனைக் கணிப்புகளில் பாத்ஃபைண்டர் மூத்த விளையாட்டையே முந்தியது. நான்காம் பதிப்பின் விதிகள் பலருக்குப் பிடிக்காமற் போனதும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் கோப்பு நூலைக் கொல்லவில்லை என்பது தெளிவு.

ஏன் கொல்லவில்லை? இதைப் பற்றி மகனோடு வழக்காடினேன். அவன் சொன்னது: கோப்பு தேடுவதற்கும் பையில் சுமக்காமல் போவதற்கும் நல்லது, ஆனால் மேசையில் ஒரு விதியைப் பற்றிச் சண்டை வரும்போது நூலைத் திறந்து எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டும். எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு வகுப்பில் விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பணத்தை முன்கூட்டியே வாசகர்களிடம் திரட்டும் முறையையும் குறிப்பிட வேண்டும். 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் 2021-ஆம் ஆண்டு 'அவதார் லெஜெண்ட்ஸ்' என்ற மேசை விளையாட்டு நூலுக்கு 50,000 டாலர் கேட்டார்கள். 81,000-க்கு மேற்பட்டோர் சேர்ந்து ஏறத்தாழ 9.5 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். புகழ்பெற்ற கேலிப்படத் தொடரை ஒட்டியது என்பதால் வந்த கூட்டம், எல்லாருக்கும் வாய்க்காது. எனக்கு அந்தத் தொகையைவிட முறைதான் பிடித்திருக்கிறது. எத்தனை பேர் வாங்குவர் என்று தெரிந்த பிறகு அச்சிடுகிறார்கள். இன்னும் சிறியவர்களுக்குத் தேவைக்கேற்ப அச்சிடும் முறை உண்டு. ஒருவர் கேட்டால் ஒரு படி அச்சாகும். 2011-இல் இதையெல்லாம் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் கட்டிலுக்கு அடியில் இப்போது காலணிகளை வைத்திருப்பேன்.

இனி நான் கவலைப்படும் பகுதி. கோப்பு வேறு, கணக்கு வேறு. பலர் இரண்டையும் 'மின்னூல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். பி.டி.எஃப்.பைப் பதிவிறக்கம் செய்துகொண்டால் கடை மூடினாலும் அது நம் கணினியில் இருக்கும். ஆனால் 2017-இல் தொடங்கிய 'டி அண்ட் டி பியாண்ட்' போன்ற தளங்களில் நூலின் உள்ளடக்கம் அவர்களுடைய கணினியில் இருக்கிறது. நாம் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய்ப் படிக்கிறோம். மிக வசதியானது என்று மகனே சொல்கிறான். பாத்திரத்தின் கணக்கையெல்லாம் அதுவே போட்டுவிடுமாம். 2022-இல் ஹாஸ்புரோ இந்தத் தளத்தை 146.3 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2024 ஆகஸ்டில் புதிய பதிப்பு வரவிருந்தபோது, பாத்திரத் தாள்களில் உள்ள பழைய மந்திரங்களும் மாயப் பொருள்களும் புதியவற்றால் மாற்றப்படும், பழையது வேண்டுவோர் தாமே மீண்டும் உள்ளிட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாள்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறப்பட்டது நன்று. மாற்ற முடியும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அலமாரியில் இருக்கும் 1974-ஆம் ஆண்டு நூலில் யாரும் இரவோடிரவாக ஒரு வரியை மாற்ற முடியாது.

ஆசிரியர்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தியன்று. நோய்த்தொற்றுக் காலத்தில் ஒரு கற்றல் தளத்தில் நான் உருவாக்கிய பயிற்றிகள் 60-க்கு மேல். படம், ஒலி எல்லாம் சேர்த்து, தூக்கம் கெட்டுச் செய்தவை. தளத்தின் பெயர் வேண்டாம். ஒருநாள் சேவை நிறுத்தப்படுவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் அதைத் திறந்து பார்த்தபோது கெடு முடிந்திருந்தது. என் கவனக்குறைவுதான். ஆனால் அதே ஆண்டில் வட்டச்சு போலக் கையால் எழுதி நகலெடுத்த வினாத்தாள்கள் இன்னும் பள்ளி அலமாரியில் இருக்கின்றன.

பெரிய நிறுவனங்கள் மேசையை முழுதாகத் திரைக்குள் கொண்டுபோக முயன்றும் பார்த்தன. விசர்ட்ஸ் 'சிகில்' என்ற முப்பரிமாண ஆட்டக் களத்தை 2025-இன் தொடக்கத்தில் வெளியிட்டு, அடுத்த மாதமே அக்குழுவில் பெரும்பாலோரைப் பணிநீக்கம் செய்தது. பேச்சால் கட்டப்படும் ஊருக்குப் படம் தேவையா என்ன?

இவை எல்லாவற்றையும்விட 2023 சனவரியில் நடந்ததே இந்தத் தொழிலின் வருங்காலத்தைத் திருப்பியது என்பேன். 2000-ஆம் ஆண்டின் திறந்த உரிமத்தைச் செல்லாததாக்கி, பிற பதிப்பாளர்களிடம் கட்டணமும் கணக்கும் கேட்கும் புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. இருபதாண்டுக்கு மேலாக அந்த உரிமத்தை நம்பித் தொழில் கட்டியவர்கள் பலர். ஆட்டக்காரர்கள் தங்கள் சந்தாக்களை நிறுத்தினார்கள். பைசோவும் வேறு சில பதிப்பகங்களும் யாராலும் திரும்பப் பெற முடியாத வேறோர் உரிமத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தன. நிறுவனம் கருத்துக் கேட்டபோது 15,000-க்கு மேற்பட்டோர் பதில் எழுதினர். சனவரி 27-இல் நிறுவனம் பணிந்தது. பழைய உரிமத்தைத் தொடவில்லை. அத்தோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அதை இனி அவர்களே நினைத்தாலும் மீட்க முடியாது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், மொழிபெயர்க்கலாம். அவ்வாண்டே பிரெஞ்சு, செர்மன், இத்தாலியம், இசுபானியம் ஆகிய மொழிகளிலும் அவ்விதிகளை நிறுவனமே வெளியிட்டது.

அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கப் போவதுமில்லை. பிறர் கொண்டுவந்து கொடுப்பார் என்று காத்திருக்க வேண்டிய தேவை போய்விட்டது என்பதுதான் எனக்கு உறைத்தது.

பெட்டி தூக்கிய அன்றிரவே இருவரும் உட்கார்ந்தோம். முழு விதிநூலன்று, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டிய மிகச் சில விதிகளும், ஒரு கதையும். மொத்தம் 16 பக்கம். கதை மகனுடையது: ஆளொழிந்த ஒரு ரப்பர்த் தோட்டம், தோட்டத்துக் கோயில் மணி காணாமற் போயிருக்கிறது, ரப்பர்த் தாள்களைப் புகையில் காயவைத்த பழைய கட்டடத்திலிருந்து இரவில் ஓசை வருகிறது. கலைச்சொற்களில்தான் எங்களுக்குள் பெரும்போர். 'ஹிட் பாயிண்ட்' என்பதற்கு 'உயிர்ப்புள்ளி' என்று எளிதில் உடன்பட்டோம். 'சேவிங் துரோ' என்பதற்கு அவன் 'தப்பிப்பு' என்றான். நான் 'காப்பு வீச்சு' என்றேன். வலிமிகும் இடங்களை நான் திருத்தத் திருத்த, "அப்பா, ஓடி வர்ற நாய் முன்னாடி யாரும் சந்தி பார்க்க மாட்டாங்க" என்று அலுத்துக்கொண்டான். திருத்தாமல் விடவில்லை. கடைசிப் பக்கத்தில் மூல விதிகளுக்கு உரிய நன்றிக் குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தான்.

ஐந்தாம் ஆண்டில் எனக்கு ஆறே மாணவர்கள். முதல் நாள் கோப்பைத் திரையில் காட்டி ஆடினோம். நான் வாசித்தேன், அவர்கள் பார்த்தார்கள். பாடம் போலவே இருந்தது. மறுநாள் ஒரு படியை அச்சிட்டு மேசை நடுவில் வைத்தேன். வேலியைத் தாண்ட எந்த எண் வேண்டும் என்ற வழக்கில் ஆறு தலைகளும் அந்தத் தாளின்மேல் முட்டிக்கொண்டன. "சார், இங்க போட்டிருக்கு பாருங்க, 12!" என்று ஒருத்தி விரல் வைத்து உரக்க வாசித்தாள். மகன் சொன்னது அப்போது புரிந்தது. வாசிக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை.

கோப்பை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறான் மகன். அச்சுப் படிக்கு 5 ரிங்கிட் வைக்கலாம் என்கிறேன் நான். பைசோ வழி என்று எங்கள் வீட்டில் இதற்குப் பெயர். சென்ற சனிக்கிழமை போட்டோஸ்டாட் கடைக்குப் போனேன். எத்தனை படி என்று கடைக்காரர் கேட்டார். 500 என்று சொல்லத்தான் வாய் வந்தது. 20 என்றேன். தீர்ந்தால் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை ஒன்பது போயிருக்கின்றன.

கோப்பு வேண்டும் ஆசிரியர்களும் பெற்றோரும் மறுமொழியில் தெரிவியுங்கள். புலனத்திலோ மின்னஞ்சலிலோ அனுப்பி வைக்கிறேன். பகடை கிடைக்காதவர்கள் 1 முதல் 20 வரை எழுதிய காகிதத் துண்டுகளை மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எங்கள் வகுப்பில் அப்படித்தான் ஆடுகிறோம்.